ஜெயில்ல வரைஞ்ச விலாங்கு, ரோட்டுல பிடிச்ச பேனர்

மெல்போர்ன்ல புதுசா வீடு வாங்குற நம்மாளுங்க பாதிப் பேர் கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி என்கிட்ட கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு, "அந்த புள்ளி புள்ளியா வெச்ச அபோரிஜினல் பெயிண்டிங் எங்க சீப்பா கிடைக்கும், ஹால்ல மாட்டணும்". நான் ஆர்ட் டீலர் எல்லாம் இல்ல, ஒரு சின்ன ஆபீஸ்ல கணக்கு எழுதுற ஆளு. ஆனா சில வருஷமா ஜெயில்ல இருந்து வெளிய வந்த அபோரிஜினல், அதாவது ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர்கள் கொஞ்சப் பேருக்கு வீக்எண்ட்ல உக்காந்து இன்வாய்ஸ், ஏபிஎன்னு சொல்ற பிசினஸ் நம்பர், சென்டர்லிங்க்னு சொல்ற அரசாங்க உதவித்தொகை ஆபீஸுக்கு ரிப்போர்ட்டிங் எல்லாம் பண்ணிக் குடுத்துட்டு இருக்கேன், இன்னொரு பக்கம் ஒரு சுற்றுச்சூழல் குரூப்லயும் இருக்கேன், ஒரு பேனர் விஷயத்துல இந்த ரெண்டும் நல்லா சிக்கிக்கிச்சு. அதுல தெரிஞ்சுக்கிட்டதுல யாருக்காவது உதவும்னு தோணுறத எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஹால் பெயிண்டிங் கதைய முடிச்சுடறேன். புள்ளி வெச்ச ஸ்டைல் நடு ஆஸ்திரேலியா பாலைவனத்துது, 1971ல பப்புன்யாங்கற ஊர்ல போர்டுல பெயிண்ட் பண்ண ஆரம்பிச்சு அங்க இருந்து உலகம் ஃபுல்லா ஃபேமஸ் ஆனது. மெல்போர்ன் இருக்கற விக்டோரியா மாநிலத்து ஆளுங்களோட பழைய வழக்கம் கோடு. டைமண்ட் டைமண்டா, ஒண்ணுக்குள்ள ஒண்ணா போற கோடுகள், கேடயத்துல செதுக்கியிருப்பாங்க, பாஸம்னு மரத்துல வாழற ஒரு சின்ன மிருகத்தோட தோல்ல தெச்ச போர்வைல கீறியிருப்பாங்க. இது தெரியாம இங்க உள்ள ஓவியர்கிட்ட போய் "டாட்ஸ் போட்டுத் தருவீங்களா"ன்னு கேக்கறவங்கள ஸ்டால்ல நின்னு நானே பாத்திருக்கேன், அவங்க சிரிச்சுட்டே "அது எங்களது இல்ல"ன்னு சொல்லிடுவாங்க, கேட்டவங்க முகம் சுருங்கிடும். தஞ்சாவூர் ஆள்கிட்ட போய் மதுபானி கேட்ட மாதிரி.

அப்புறம் சீப்பா வேணும்கறது. ஏர்போர்ட், மார்க்கெட் பக்கம் சீப்பா கிடைக்கறதுல நிறைய டூப்ளிகேட். பிருபி ஆர்ட்னு ஒரு கம்பெனி இந்தோனேசியாவுல செஞ்ச பூமராங், டிட்ஜரிடு எல்லாத்தையும் அபோரிஜினல் ஆளுங்க கையால செஞ்சதுங்கற மாதிரி வித்து, 2019ல ஃபெடரல் கோர்ட் 23 லட்சம் டாலர் ஃபைன் போட்டுச்சு, ஆனா அதுக்குள்ள கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போயிடுச்சு. 2022ல புரொடக்டிவிட்டி கமிஷன்னு அரசாங்க ஆய்வு அமைப்போட ரிப்போர்ட்லயும் இந்த மாதிரி சுவனியர் ஐட்டங்கள்ல பாதிக்கு மேல போலின்னுதான் வந்துச்சு. அதனால வாங்கும்போது ரெண்டே கேள்வி போதும், யார் வரைஞ்சது எந்த மக்கள், வித்த காசுல அவருக்கு எவ்வளவு போகுது. கடைக்காரர் ரெண்டாவது கேள்விக்கு இழுத்தாருன்னா நடையக் கட்டுங்க.

விக்டோரியாவுல நேர்மையான வழி ஒண்ணு, தி டார்ச்னு ஒரு அமைப்பு, கார்ல்டன்ல கேலரி இருக்கு. ஜெயில்ல இருக்கற, ஜெயில்ல இருந்து வந்த பழங்குடி ஆளுங்களுக்கு ஓவியம், அதோட அவங்க பரம்பரை பத்தின தேடல், ரெண்டையும் சேத்து சொல்லிக் குடுக்கறாங்க, இந்த ஜெயில் புரோகிராம் 2011ல ஆரம்பிச்சது, கென்ட் மோரிஸ்னு ஒரு பர்கிஞ்ஜி மக்கள சேந்த ஓவியர்தான் ரொம்ப வருஷம் தலைமைல நின்னு வளத்தாரு. கன்ஃபைன்ட்னு வருஷா வருஷம் பெரிய எக்ஸிபிஷன் நடக்கும், நூத்துக்கணக்குல படம், படத்து விலை முழுசும் ஓவியருக்குப் போகுது, கமிஷன் கிடையாது. இது சாதாரண விஷயம் இல்லைங்க, 2016 வரைக்கும் விக்டோரியாவுல ஜெயிலுக்குள்ள இருக்கறவங்க தன் படத்த வித்து காசு பாக்கவே வழி இல்ல, அந்த வருஷம்தான் பழங்குடிக் கைதிகளுக்கு அரசாங்கம் விதிய மாத்துச்சு. பணத்தோட பெரும்பகுதி வெளிய வர்ற வரைக்கும் டிரஸ்ட்ல இருக்கும். வெளிய வர்ற அன்னிக்கு கைல ஒரு பிளாஸ்டிக் பையும் டிரெயின், டிராமுக்கான மைக்கி கார்டும் மட்டும் வெச்சுட்டு நிக்கறதுக்கும், ரூம் வாடகைக்கு பாண்ட், அதான் அட்வான்ஸ், கட்ட ஒரு தொகையோட நிக்கறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு யோசிச்சுப் பாருங்க.

ஆஸ்திரேலியாவுல பழங்குடி மக்கள் மொத்த ஜனத்தொகைல 4 சதவீதம் கூட இல்ல, ஜெயில்ல இருக்கற பெரியவங்கள்ல மூணுல ஒருத்தர் அவங்கதான். கொலை கொள்ளைன்னு நெனைக்காதீங்க. டான்யா டேங்கற யோர்ட்டா யோர்ட்டா மக்கள சேந்த ஒரு அம்மா 2017 டிசம்பர்ல டிரெயின்ல தூங்கிட்டு இருந்தாங்க, குடிச்சிருந்தாங்கன்னு போலீஸ் பிடிச்சு லாக்கப்ல போட்டு அங்க தலைல அடிபட்டு பின்னாடி இறந்துட்டாங்க. பொது இடத்துல போதைல இருந்தா குத்தம்கற சட்டத்த எடுக்கணும்னு 1991லயே பழங்குடி ஆளுங்க காவல்ல சாகறத விசாரிச்ச ராயல் கமிஷன் சொல்லியாச்சு, விக்டோரியாவுல அது நடைமுறைக்கு வந்தது 2023 நவம்பர்ல. சட்டம் போடறது எவ்வளவு ஸ்பீடு, எடுக்கறது எவ்வளவு லேட்டுன்னு இதுல தெரியும். இத ஏன் இங்க சொல்றேன்னா, போராட்டச் சட்டம் பக்கம் வரும்போது அந்த ஸ்பீட மறுபடி பாப்பீங்க.

இப்ப என் ஆளு. பேர் போட வேணாம்னு அவரே சொல்லிட்டாரு, குண்டிட்ஜ்மரா மக்கள சேந்தவரு, நாப்பது சொச்சம் வயசு, என்னைய சிஸ்னு கூப்பிடுவாரு, நான் ப்ரோன்னுவேன். ஜெயிலுக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்கூல்ல கூட படம் வரைஞ்சதில்லயாம். உள்ள இருக்கும்போது ஆர்ட் கிளாஸ்ல யாரோ ஒரு பாஸம் தோல் போர்வை போட்டோவக் காட்டியிருக்காங்க, லேக் கோண்டா போர்வை, 1872ல சேகரிச்சது, மெல்போர்ன் மியூசியத்துல இருக்கு. "அந்த போட்டோல இருந்த கோடெல்லாம் எங்க பாட்டன் ஊருதுன்னு அன்னிக்குதான் தெரியும்"னாரு. அவரோட பாட்டிய சின்ன வயசுல குடும்பத்துல இருந்து பிரிச்சு எடுத்துட்டாங்க, அதோட ஊர் பேச்சு, கதை எல்லாம் அறுந்து போச்சு. ஜெயில்ல வந்து ஊரக் கண்டுபிடிச்ச கதை இவருக்கு மட்டும் இல்ல, நான் பேசுன பல பேர் இதையேதான் சொல்றாங்க.

இது இன்னிக்கு நேத்து ஆரம்பிச்ச விஷயமும் இல்ல. ஜிம்மி பைக்னு வால்மஜ்ரி மக்கள சேந்த ஓவியர், 80கள் ஆரம்பத்துல ஃப்ரீமான்டில் ஜெயில்லதான் பெயிண்டிங்கும் பிரிண்டிங்கும் புடிச்சாரு, அங்க சொல்லிக் குடுத்த ரெண்டு வாத்தியாருங்க ஆரம்பிச்ச டெசர்ட் டிசைன்ஸ் கம்பெனி வழியா அவர் டிசைன் துணி, சட்டை எல்லாத்துலயும் வந்துச்சு. பின்னாடி 1997ல அவங்க ஜனங்க 40 பேருக்கு மேல சேந்து 8க்கு 10 மீட்டர்ல ஒரு பெரிய கேன்வாஸ் வரைஞ்சு, இதுதான் எங்க நிலம், எங்க தண்ணி ஊத்துன்னு பழங்குடி நில உரிமைய பாக்கற நேட்டிவ் டைட்டில் டிரிபியூனல்ல ஆதாரமா வெச்சாங்க, நுர்ராரா கேன்வாஸ்னு பேரு, அதுல பைக்கும் கை வெச்சாரு, 2007ல நில உரிமை கிடைச்சது. மெல்போர்ன்லயே பெண்ட்ரிட்ஜ் ஜெயில் சுவத்துல ரொனால்ட் புல்ங்கற அபோரிஜினல் ஓவியர் 60கள்ல வரைஞ்ச மியூரல் இருக்கு, இப்ப அந்த ஜெயில் வளாகம் சினிமா தியேட்டர், கடை, அபார்ட்மென்ட்னு மாறிப்போச்சு, நம்மாளுங்க பாப்கார்னோட போயிட்டு வர்ற இடம்தான், யாருக்கும் தெரியாது.

என் ஆளு வரையறது விலாங்கு மீன். குண்டிட்ஜ்மரா ஊர்ல எரிமலைக் கல்ல அடுக்கி வாய்க்கால் வெட்டி விலாங்கு புடிச்சு வளத்திருக்காங்க, 6,600 வருஷப் பழசுன்னு கணக்கு, புட்ஜ் பிம்னு பேரு, 2019ல யுனெஸ்கோ வேர்ல்ட் ஹெரிடேஜ் ஆச்சு. அவர் விலாங்கு ஒடம்பு ஃபுல்லா கோடு, எல்லாம் கையால. பிரஷ்ஷோட முடிய நகவெட்டியால நறுக்கி நறுக்கி அஞ்சாறு முடி மட்டும் விட்டு வெச்சிருப்பாரு, உள்ள இருக்கும்போது நல்ல ஃபைன் பிரஷ் கிடைக்காததால வந்த பழக்கமாம், இப்ப கடைல வாங்கிக் குடுத்தாலும் அதையும் நறுக்கிடறாரு. மூச்ச இழுத்துப் புடிச்சுட்டு ஒரு கோடு, விட்டுட்டு அடுத்தது. ரூமிங் ஹவுஸ்ல இவருக்கு டேபிள் கிடையாது, கட்டில் மேல ஷவர் கர்ட்டன விரிச்சு அது மேல கேன்வாஸ வெச்சு வரைவாரு, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி காயலேன்னா அன்னிக்கு தரைல தூக்கம்தான்.

வெளிய வந்தவங்களுக்கு ஹெல்ப் பண்ணணும்னு நெனைக்கறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன், அவங்க வாழ்க்கைக் கதையக் கேக்காதீங்க, பேப்பர் வேலைய கேளுங்க. ஏபிஎன் ஃப்ரீதான், அரசாங்க சைட்லயே நேரா எடுக்கலாம், ஆனா கூகுள்ல தேடுனா முதல்ல வர்றதெல்லாம் காசு புடுங்கற சைட்டு. ஏபிஎன் இல்லாம பில் போட்டா, வாங்கற பிசினஸ் 75 டாலருக்கு மேல உள்ள பேமென்ட்ல 47 சதவீதம் புடிச்சு டேக்ஸ் ஆபீஸ்ல கட்டணும்னு ரூல், ஹாபியா வரையறவரா இருந்தா அதுக்குன்னு சப்ளையர் ஸ்டேட்மென்ட்னு ஒரு பக்க ஃபார்ம் இருக்கு, அதக் குடுத்தா புடிக்க மாட்டாங்க. ஜிஎஸ்டி ரெஜிஸ்டர் பண்ணணுமான்னு பயப்படுவாங்க, வருஷத்துக்கு 75,000 டாலர் டர்ன்ஓவர் வர்ற வரைக்கும் அது தேவையில்ல. சென்டர்லிங்க்ல பெயிண்டிங் வித்த காசு கைக்கு வந்தா ரிப்போர்ட் பண்ணியே ஆகணும், விட்டா பின்னாடி கடன்னு லெட்டர் வரும், ஜெயில்ல இருந்து வந்தவங்களுக்கு கவர்மென்ட் லெட்டர்னாலே கை நடுங்குது, பிரிக்காம ஷூ பாக்ஸ்ல போட்டு வெச்சிருப்பாங்க. நான் போனா முதல் வேலை அந்த டப்பாவ எடுத்து லெட்டரப் பிரிக்கறதுதான். விடுதலையான உடனே கிரைசிஸ் பேமென்ட்னு ஒண்ணு உண்டு, 7 நாளுக்குள்ள கேக்கணும், யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க.

காப்பிரைட் பத்தி ஒண்ணு, இது வாங்கறவங்களுக்கும்தான். படத்த நீங்க வாங்குனா படம்தான் உங்களுது, அதோட காப்பிரைட் ஓவியர்கிட்டயே இருக்கு, அவர் வாழ்நாளும் அதுக்கு மேல 70 வருஷமும். போட்டோ எடுத்து கம்பெனி காலண்டர்ல போடறது, கப்புல பிரிண்ட் பண்றது எல்லாம் தனியா பெர்மிஷன், தனியா காசு. 1000 டாலர் அல்லது அதுக்கு மேல கேலரி, டீலர் மூலமா மறுவிற்பனை ஆனா 5 சதவீதம் ஓவியருக்கு ரீசேல் ராயல்ட்டி, இது 2010ல இருந்து சட்டம். ஆர்ட்ஸ் லா சென்டர்ல ஆர்ட்டிஸ்ட்ஸ் இன் தி பிளாக்னு பழங்குடி ஓவியர்களுக்கு ஃப்ரீ லீகல் சர்வீஸ் இருக்கு, ஒரு லைசென்ஸ் பேப்பர் படிச்சுக் காட்டணும்னா அவங்ககிட்ட கேக்கலாம்.

சரி, பேனர். விக்டோரியா பக்கத்து ஓட்வே கடல்ல எரிவாயு தேட சைஸ்மிக் பிளாஸ்டிங், அதாவது தண்ணிக்குள்ள பெரிய வெடிச்சத்தம் அனுப்பித் தேடறது, பண்றத எதுத்து குண்டிட்ஜ்மரா ஆளுங்க ரொம்ப நாளா கத்திட்டு இருக்காங்க, திமிங்கலம் போற வழி, அது அவங்களுக்குக் குலசாமி மாதிரி. எங்க குரூப்பும் கூட நின்னுச்சு. ஒருத்தர் என் போன்ல இவர் வரைஞ்ச விலாங்கு, திமிங்கலம் ரெண்டும் இருக்கற படத்தப் பாத்துட்டு, "செம, இத பேனரா அடிச்சுடலாம், ஆளையும் கூட்டிட்டு வாங்க, முன்னாடி அவரே புடிச்சுட்டு நடக்கட்டும், நவம்பர்ல நிலக்கரி கப்பல மறிக்கற போராட்டத்துக்கு நியூகாசில் போறோம் அங்கயும் வரட்டும், ரெண்டு வார்த்தை பேசட்டும்"னு ஒரே மூச்சுல பிளான் போட்டுட்டாரு. நல்ல எண்ணம்தான், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்ல. ஆனா அந்த ஒரு மூச்சுக்குள்ள எத்தனை சிக்கல் இருக்குன்னு பாருங்க.

அவர் அப்ப பரோல்ல இருந்தாரு. விக்டோரியா பரோல்ல எழுத்துல பெர்மிஷன் இல்லாம ஸ்டேட்ட விட்டு வெளிய போகக் கூடாது, நியூகாசில் இருக்கறது நியூ சவுத் வேல்ஸ்ல. எந்தச் சட்டத்தையும் மீறக் கூடாது. 2014ல இருந்து பரோல் கண்டிஷன மீறறதே தனிக் குத்தம். நம்ம குரூப்ல ஒரு ரிட்டயர்டு டீச்சர் ரோட்டுல உக்காந்து அரெஸ்ட் ஆனா ஒரு ஃபைன், ஒரு போட்டோ, பேரப்புள்ளைங்களுக்குச் சொல்ல ஒரு கதை. அதே ரோட்டுல அதே இடத்துல இவர் உக்காந்தா பரோல் ரத்தாகி மிச்சத் தண்டனையும் உள்ள போய்க் கழிக்க வேண்டி வரலாம். "சின்ன ஃபைன்தானே"ன்னு மீட்டிங்ல ஒருத்தர் சொன்னப்போதான் நான் உக்காந்து ஸ்டேட் ஸ்டேட்டா சட்டத்த படிக்க ஆரம்பிச்சேன், படிச்சப்புறம் யாருக்குமே சின்ன ஃபைன் இல்லன்னு தெரிஞ்சது.

நியூ சவுத் வேல்ஸ்ல 2022 ஏப்ரல்ல ஒரே வாரத்துல அவசர அவசரமா ஒரு சட்டம், மெயின் ரோடு, பிரிட்ஜ், டனல், துறைமுகம், ரயில்வே ஸ்டேஷன் இதுல இடைஞ்சல் பண்ணா 22,000 டாலர் வரைக்கும் ஃபைன், 2 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேத்தும் போடலாம். வயலட் கோகோன்னு ஒரு பொண்ணு அந்த மாசமே சிட்னி ஹார்பர் பிரிட்ஜ்ல ஒரே ஒரு லேன்ல டிரக்க நிறுத்தி ஃப்ளேர் கொளுத்துனாங்க, டிசம்பர்ல மாஜிஸ்டிரேட் 15 மாசம் ஜெயில்னு தீர்ப்பு. ஆம்புலன்ஸ மறிச்சாங்கன்னு போலீஸ் சொன்னதும் அந்தத் தண்டனைக்கு ஒரு காரணம், அப்படி ஒரு ஆம்புலன்ஸே அங்க சிக்கலைன்னு பின்னாடி தெரிஞ்சு 2023 மார்ச்ல அப்பீல்ல ஜெயில் தண்டனை போச்சு. நிட்டிங் நானாஸ்னு ஸ்வெட்டர் பின்னிட்டே போராடற பாட்டிங்க குரூப் ஒண்ணு உண்டு, அதுல ரெண்டு பேர் கேஸ் போட்டு, 2023 டிசம்பர்ல அந்த மாநில சுப்ரீம் கோர்ட் இந்தச் சட்டத்துல சில பகுதி அரசியல் சாசனப்படி செல்லாதுன்னுச்சு. மிச்சம் இன்னும் உயிரோட இருக்கு.

சவுத் ஆஸ்திரேலியா இன்னும் ஸ்பீடு. 2023 மே மாசம் அடிலெய்ட்ல ஒரு அம்மா பாலத்துல இருந்து கயித்துல தொங்கி டிராஃபிக்க நிறுத்துனாங்க, மறுநாளே கீழ்சபைல 22 நிமிஷத்துல சட்டம் பாஸ், பொது இடத்த மறிச்சா 750 டாலரா இருந்த ஃபைன் 50,000 டாலர் ஆச்சு, 3 மாசம் ஜெயிலும் உண்டு. குடிபோதைச் சட்டத்த எடுக்க 32 வருஷம், இதுக்கு 22 நிமிஷம். விக்டோரியாவும் சளைச்சது இல்ல, மரம் வெட்டற இடத்துல போராடுனா 12 மாசம் ஜெயில் இல்லேன்னா 21,000 டாலருக்கு மேல ஃபைன்னு 2022ல கொண்டு வந்தாங்க, அப்புறம் 2024 ஜனவரியோட நேட்டிவ் ஃபாரஸ்ட்ல மரம் வெட்டறதையே நிறுத்திட்டாங்க, போராடுனவங்க கேட்டது அதத்தானே. டாஸ்மானியால 2014ல போட்ட சட்டத்துல பாப் பிரவுன் மாட்டுனாரு, பழைய கிரீன்ஸ் கட்சித் தலைவர், 2017ல ஹைகோர்ட் (ஆஸ்திரேலியாவுல அதுதான் நாட்டோட உச்ச கோர்ட்) அந்தச் சட்டத்து முக்கியமான பகுதிகளச் செல்லாதுன்னு சொல்லியும் 2022ல வேற ரூபத்துல திரும்ப வந்துச்சு.

இதெல்லாம் வெள்ளைக்காரப் பசங்க ரோட்டுல கைய பசையால ஒட்டிக்கிட்டு உக்காந்ததால வந்த சட்டம்னு ஒரு பேச்சு உண்டு. பழங்குடி ஆளுங்க அவங்க நிலத்துக்காக நிக்கறப்ப என்ன ஆகுதுன்னும் பாக்கணும். விக்டோரியாவுல வெஸ்டர்ன் ஹைவே அகலப்படுத்தறதுக்கு ட்ஜாப் வுர்ருங் மக்களோட புனித மரங்கள் இருக்கற வழில ரோடு போட்டாங்க, 2018ல இருந்து அங்கயே கேம்ப் போட்டு காவல் காத்தாங்க. 2020 அக்டோபர் 26, மெல்போர்ன் லாக்டவுன் முடியுதுன்னு ஊரே டிவி முன்னாடி குதிச்சுட்டு இருந்த அன்னிக்கு அந்த மரத்துல ஒண்ண வெட்டுனாங்க, அவங்க அத திசை காட்டற மரம்னு சொல்வாங்க, தடுக்கப் போனவங்கள்ல சுமார் 50 பேர் அரெஸ்ட். குயின்ஸ்லாந்துல நம்ம அதானியோட கார்மைக்கேல் சுரங்கம் வந்த இடத்துல வாங்கன் ஜகலிங்கு மக்கள், அவங்கள்ல ஏட்ரியன் பர்ரகுப்பாங்கற பெரியவர் கேஸ் மேல கேஸ் போட்டு தோத்து, கம்பெனிக்கு கட்ட வேண்டிய கோர்ட் செலவுக்காக 2019ல திவாலாக்கப்பட்டாரு. தூத்துக்குடி 2018 பாத்த நமக்கு குண்டு இல்லாம நடந்தா பரவால்லன்னு தோணும், ஆனா மனுஷன முடக்கறதுக்கு பில்லு ஒண்ணே போதும், கணக்கு எழுதுற ஆளா சொல்றேன்.

இவ்வளவும் ஒரு பேப்பர்ல எழுதி மீட்டிங்ல வெச்சேன். வாக்குவாதம் ஆச்சு, ஒருத்தருக்கு கோபம், "அவர் என்ன குழந்தையா, அவரே முடிவு பண்ணட்டும்"னு. அது நியாயமான பாயிண்ட். அதனால பேப்பரோட அவர்கிட்டயே போனேன், அவர் கட்டில்ல கேன்வாஸ நகத்தி இடம் குடுத்து முழுசும் கேட்டுட்டு, "சிஸ், என் மீன் நடக்கட்டும், நான் வீட்ல இருக்கேன், ஆனா ஒண்ணு, படத்துல இருக்கற அந்த விலாங்கு வாய்க்கால் ஷேப்ப ரோட்டுல தூக்கிட்டுப் போறதுக்கு நான் மட்டும் சரின்னு சொல்ல முடியாது, ஆன்ட்டிகிட்ட கேக்கணும்"னாரு. ஊர்ல ஒரு பெரியம்மா, அவங்களுக்கு போன் போட்டாரு. அவங்க திமிங்கலத்துக்கு சரின்னாங்க, விலாங்குக்கு சரின்னாங்க, வாய்க்கால் பொறியோட ஒரு பகுதிய மட்டும் எடுக்கச் சொன்னாங்க. ஏன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. அந்தப் பகுதி இல்லாம மறுபடி வரைய அவருக்கு ரெண்டு வாரம் போல ஆச்சு, குரூப்ல சில பேர் பொறுமை இழந்துட்டாங்க, பிரிண்டர் டேட் ஒரு தடவை தள்ளிப் போச்சு. இந்த மாதிரி வேலைல இந்த டைம மொதல்லயே பிளான்ல போட்டுடுங்க, கடைசி வாரத்துல போய் நின்னா யாராவது ஒரு ஆன்ட்டியோட சம்மதத்த முழுங்கிட்டுத்தான் பேனர் வரும்.

லைசென்ஸ் ஒரு பக்கத்துல எழுதுனோம். எந்தப் படம், ஒரு பேனர், எத்தனை சைஸ், 12 மாசம், ரேலிலயும் ஸ்டால்லயும் மட்டும், டி-ஷர்ட் போஸ்டர் கூடாது, கட் பண்ணவோ கலர் மாத்தவோ கூடாது. பேர் போடணுமான்னு வர்றப்ப அவர் வேணாம்னுட்டாரு, மக்கள் பேர் மட்டும் போடச் சொன்னாரு, இந்த ஆப்ஷன மறக்காம கேளுங்க, பரோல்ல இருக்கறவருக்கு பேர் வர்றதே ரிஸ்க்கா தோணலாம், பாதிக்கப்பட்டவங்க குடும்பம் பாத்தா அவங்களுக்கும் வலிக்கும். காசு முன்னாடியே, போராட்டம் கேன்சல் ஆனாலும் திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு ஒரு வரி. நம்ம குரூப்ல "போராட்டத்துக்குத்தானே, ஃப்ரீயா தர மாட்டாரா"ன்னு ஒரு முனகல் வந்துச்சு, பிரிண்டருக்கு காசு குடுக்கறோம், மைக் செட்டுக்கு குடுக்கறோம், வரைஞ்சவருக்கு மட்டும் உணர்ச்சியா குடுக்கலாமான்னு கேட்டேன், அதோட அடங்கிடுச்சு. பரோல் ஆபீசர்கிட்ட இந்த வேலைய பத்தி அவரே முன்கூட்டியே சொல்லி வெச்சாரு, லைசென்ஸ் காப்பியும் இன்வாய்ஸும் குடுத்தோம், இது வேலை, வருமானம்னு ஃபைல்ல ஏறிடுச்சு, அது அவருக்கு நல்லதாவே போச்சு.

போராட்டத்துக்குப் போற நம்மாளுங்களுக்கு, குறிப்பா சிட்டிசன் ஆகாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. நான் வக்கீல் இல்ல, உங்க கேஸுக்கு மைக்ரேஷன் லாயர பாருங்க. ஆனா 12 மாசமோ அதுக்கு மேலயோ ஜெயில் தண்டனை விதிச்சா விசா சட்டம் 501வது பிரிவுல கேரக்டர் டெஸ்ட், அதாவது நடத்தைச் சோதனை, ஃபெயில், பிஆர்னு நிரந்தர விசா இருந்தாலும் சரி. வயலட் கோகோவுக்கு முதல்ல குடுத்தது 15 மாசம், அவங்க சிட்டிசன், நீங்க ஸ்டூடண்ட் விசான்னா கதை எப்படிப் போயிருக்கும்னு கணக்கு போட்டுக்கோங்க. சிட்டிசன்ஷிப் அப்ளை பண்ணியிருந்தா கேஸ் நிலுவைல இருக்கற வரைக்கும் அப்ரூவ் பண்ண மாட்டாங்க, குட் பிஹேவியர் பாண்ட்ல இருந்தாலும் நிக்கும். இதச் சொன்னதும் போகவே கூடாதுன்னு எடுத்துக்காதீங்க. விக்டோரியாவுல அமைதியா ஊர்வலம் போக பெர்மிட் தேவையில்ல, ஹ்யூமன் ரைட்ஸ் சார்ட்டர்லயே கூடற உரிமை இருக்கு. நியூ சவுத் வேல்ஸ்ல அப்படி ஒரு சார்ட்டர் கிடையாது, அங்க ஃபார்ம் 1னு போலீசுக்கு முன்கூட்டி நோட்டீஸ் குடுக்கற முறை இருக்கு, அது குடுத்து ஒத்துக்கிட்ட ஊர்வலத்துல அந்த நேரத்துக்குள்ள, அந்த ரூட்டுக்குள்ள இருந்தா பாதுகாப்பு. நியூகாசில்ல 2023 நவம்பர்ல நடந்தது அப்படித்தான், கயாக்ல போய் நிலக்கரி கப்பல் வழிய 30 மணி நேரம் அனுமதியோட மறிச்சாங்க, நேரம் முடிஞ்சும் தண்ணிலயே இருந்த 109 பேரத்தான் அரெஸ்ட் பண்ணாங்க, அதுல 97 வயசுத் தாத்தா ஒருத்தரும் இருந்தாரு. அவர் அந்த வயசுல தெரிஞ்சே இருந்தாரு, அதுதான் விஷயம், இருக்கறதா கிளம்பறதாங்கறத வாட்ச்ச பாத்து நீங்க முடிவு பண்ணணும், பக்கத்துல நிக்கறவர் உற்சாகத்துல முடிவாகக் கூடாது.

எங்க குரூப்ல இப்ப கிளம்பறதுக்கு முந்தின நாளே மூணு லிஸ்ட் போடறோம். அரெஸ்ட் ஆனாலும் பரவால்லன்னு இருக்கறவங்க, ஊர்வலம் மட்டும் வர்றவங்க, ரோட்டுக்கே வராம சாப்பாடு, புள்ளைங்க, போன் பாத்துக்கறவங்க. யார் எந்த லிஸ்ட்னு காரணம் கேக்கறது இல்ல. விசா, பரோல், வேலைக்கு போலீஸ் செக், உடம்பு முடியல, எதுவா இருந்தாலும் அவங்க பாடு. போனுக்கு ஃபேஸ் அன்லாக்க ஆஃப் பண்ணி நம்பர் லாக் போடுங்க, லாயர் நம்பர கைல பேனால எழுதிக்கோங்க, போலீஸ் நடந்துக்கறத பாத்துக் குறிச்சு வெக்கற லீகல் அப்சர்வர் வர்றாங்களான்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க, மெல்போர்ன்ல இதுக்குன்னே வாலண்டியர் குரூப் இருக்கு.

பேனர் ரெண்டு மூணு ஊர்வலம் போயிட்டு வந்துச்சு, மழைல ஒரு ஓரம் கிழிஞ்சு தெச்சோம். நியூகாசிலுக்கும் போச்சு, அவர் போகல, வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புனேன், "தலைகீழா புடிச்சிருக்கானுங்க"ன்னு ரிப்ளை வந்துச்சு, பாத்தா நிஜமாவே திமிங்கலம் மல்லாக்கக் கிடந்துச்சு. இப்ப குரூப்ல டி-ஷர்ட் போடணும்னு ஆசை. அது பழைய லைசென்ஸ்ல இல்லன்னு சொல்லியாச்சு, புதுசா ஒரு பக்கம், ஒரு ஷர்ட்டுக்கு இவ்வளவுன்னு ராயல்ட்டி, ஆன்ட்டிக்கு மறுபடி ஒரு போன். அவர் கேட்ட ரேட்டு குரூப் டிரெஷரருக்கு ஜாஸ்தியா படுது, அடுத்த மீட்டிங்ல பேசணும், நான் அவர் பக்கம்தான்.